சரியாகிவிடக் கூடாத லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் என்பது பாதி ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற வேலை. மீதி, "நான் ஒண்ணுமே பண்ணல மிஸ், அதுவா நின்னுடுச்சி" என்பதை முகம் மாறாமல் கேட்டுக்கொள்கிற வேலை.

பேங்க் கவுன்டரிலோ ரேஷன் கடையிலோ மின்சார ஆபீஸிலோ, ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிறர் குறை கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படிக்கவும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் கெட்டுப்போனால் முன்பெல்லாம் அதை எங்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது திரும்பி வருவதற்குள் பிள்ளை காலேஜுக்குப் போய்விடும். அதனால் இனிமேல் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். அந்த 'நாமே' நான்தான். பெயர் ரேவதி, ஊர் மதகடிப்பட்டு, படிப்பு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, வேலை கான்ட்ராக்ட்.

பாகூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பழைய கெமிஸ்ட்ரி லேபை ஒழித்து எனக்குக் கொடுத்தார்கள். வில்லியனூர் பக்கத்துப் பள்ளிகளின் லேப்டாப்புகளும் வேனில் இங்கேதான் வந்து இறங்கும். மேஜைக்கு மேஜை தண்ணீர்க் குழாய் வைத்த லேப்டாப் ரிப்பேர் அறை வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. இந்த அறைக்கு வந்ததிலிருந்து எனக்குத் தெரியாதது இன்னும் நிறைய ஆகிவிட்டது.

நெற்றிப் பொட்டு

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் அறையில் கூட்டம் தாங்காது. அந்த வாரம் ஒரு பையனின் லேப்டாப் வந்தது. கேமராவைப் போட்டால் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று புகார். வைரஸாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் திரையில் நான் காமாலை கண்டவள் மாதிரியே இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் துணியை எடுத்துத் துடைத்தபோது கேமராத் துளையிலிருந்து சந்தனம் உதிர்ந்தது. சந்தனத்துக்கு அடியில் குங்குமம். பென்டிரைவ் சொருகும் ஓட்டையில் ஒரு சாமந்தி இதழ்.

வாங்கிப் போக வந்தது பையனின் அப்பா. டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டிக்குப் பொட்டு வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார். லேப்டாப்பில் எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூடியைத் திறந்து கேமராவின் மேல் விரலை வைத்தார். "மேல, நட்ட நடுவுல இருக்குது. இது நெத்தி இல்லன்னா வேற இன்னாம்மா?"

ஐஸ் பெட்டி

பதில் தெரியாத கேள்விகள் ஒரு பக்கம் இருக்க, நான் சொன்ன அறிவுரையே என் தலையில் வந்து விழுவது இன்னொரு பக்கம். 'சூடாகாமப் பாத்துக்கணும்' என்று பிள்ளைகள் எல்லோரிடமும் கிளிப்பிள்ளை போல் சொல்லி அனுப்புவேன். கடலோரத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்த லேப்டாப்பைக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டியது. பின்பக்கத்தைக் கழற்றினேன். ஃபேனில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மழையில் நனைந்ததா என்றேன். இல்லை. கடலில் விழுந்ததா? இல்லை. பின்னே? நான் சொன்னதை அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அப்பா அதைக் கவரில் சுற்றி, பிடித்த மீனைப் போட்டு வைக்கிற ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. பையன்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "ஐஸ்ல வச்சா மீனே கெடாது மிஸ். இது எப்பிடிக் கெட்டுச்சி?"

நோயில்லாத நோயாளி

இதெல்லாம் புரிகிற குழப்பம். புரியாத குழப்பம் அபிநயாவோடு வந்தது. எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாவது படிக்கிற பெண். பூரணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் மதியம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "ஆன் ஆவல மிஸ்" என்றாள்.

பட்டனை அழுத்தினேன். ஆன் ஆனது. பளிச்சென்று திரை, சத்தம், நெட், எல்லாம் இருந்தது. இந்த அறையில் இது தினமும் நடப்பதுதான். என் மேஜைக்கு வந்ததும் ஒழுங்காக வேலை செய்து, கொண்டுவந்தவரைப் பொய்யராக்குவது எல்லா மிஷினுக்கும் உள்ள குணம். அப்போது பிள்ளைகள் அசடு வழிவார்கள், அல்லது சந்தோஷப்படுவார்கள். அபிநயாவின் முகமோ விழுந்துவிட்டது. "சரியாத்தான இருக்குது, எடுத்துக்கினு போ" என்று நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இங்க ஆவும் மிஸ். வூட்டுக்குப் போனா ஆவாது. நீங்களே வச்சிக்குங்க."

தினம் ஒரு புகார்

மறுநாள் கீபோர்டு சரியில்லை என்றாள். அதற்கு மறுநாள் சவுண்டு வரவில்லை. அதற்கப்புறம் பேட்டரி வீங்கியிருக்கிறது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீபோர்டு நன்றாக அடித்தது, சவுண்டில் காது கிழிந்தது, பேட்டரி அப்பளம் போலத் தட்டையாக இருந்தது. புகார் சொன்ன கையோடு, சாயங்காலம் பள்ளி விட்டதும் அவளே வந்து அதே லேப்டாப்பைக் கடைசி மேஜையில் வைத்துத் திறந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட வீடியோ பார்ப்பாள். பஸ் நேரம் வரை எழுதிக்கொண்டே இருப்பாள். என்னம்மா செய்கிறாய் என்றால், "டெஸ்ட் பண்றேன் மிஸ்" என்பாள். நான் படித்த டிப்ளமோவில் இந்த டெஸ்ட் இல்லை.

வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்து உடைத்துவிடுவார்களா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். கரண்ட் இல்லையா? இருக்கிறது. அப்புறம் என்னதான் கேட்பது? இதற்கிடையில் வைஸ் பிரின்சிபல் மேடம் வேறு. வெள்ளிக்கிழமை தோறும் வந்து, ரிப்பேரான லேப்டாப் எல்லாம் போய்விட்டதா என்று பார்ப்பார். நல்லபடியாக ஓடுகிற ஒன்று அறையில் தங்கிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. அபிநயாவின் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டபோது, "ஒரு பார்ட் வரணும் மேடம்" என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மேடம் அதைத் திறந்து ஆன் செய்து பார்த்தார். ஆன் ஆனது. "இன்னா ரேவதி, ஓடுற வண்டிய எதுக்கு ஒர்க்‌ஷாப்புல நிறுத்தி வச்சிருக்க?"

மீன்கூடையோடு வந்தவர்

நல்லவேளை, அதற்குப் பதில் தேடுவதற்குள் மேடத்தை யாரோ கூப்பிட்டார்கள். அவர் போன கையோடு அபிநயாவின் அம்மா வந்துவிட்டார். வசந்தா என்று பெயர். தெருத் தெருவாக மீன் விற்கிறவர். அவர் எப்போது உள்ளே வந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தால் காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். கடைசி மேஜையில் அபிநயாவின் லேப்டாப் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய் அதன் மேல் துடைக்கிற துணியை எடுத்துப் போட்டேன். அதையும் ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

"எப்பம்மா ரெடியாவும்?" என்றார். பார்ட் வரணும் என்றேன். "தைக்குள்ள வந்துடுமா?" என்றார். தையில் என்ன விசேஷம் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூத்த பெண் சுகன்யாவுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன், 'உங்க வூட்ல ஒரு லேப்டாப்பு இருக்குதாமே, அதையும் சீர்ல வச்சிட்டா பையனுக்கு ஒதவும்' என்று சபையில் கேட்டிருக்கிறார். வசந்தாவின் கணவரும் சபையிலேயே சரி என்று தலையாட்டிவிட்டார். கட்டில், பீரோ, பாத்திரத்தோடு மண்டபத்தில் இதுவும் வரிசையில் நிற்க வேண்டும்.

"அது கவர்மென்ட்டு படிக்கறதுக்குக் குடுத்ததும்மா. மூடி மேலயே கவர்மென்ட்டு முத்திரை இருக்குதே" என்றேன், பெரிய சட்டம் பேசிவிட்டவள் போல. வசந்தா என்னைப் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மிக்ஸி, கிரைண்டர் மேல கூடத்தான் முத்திர இருந்திச்சி. அதெல்லாம் எத்தினி கல்யாணத்துல சீராப் போச்சி, உனக்குத் தெரியுமா?"

உண்மையான கம்ப்ளெய்ன்ட்

அன்று சாயங்காலம் அபிநயா வந்ததும், "உங்க அம்மா வந்தாங்க" என்றேன். அவள் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு நர்ஸிங் படிக்க வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பாட வீடியோ முழுவதும் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. வீட்டில் உள்ள ஒரே ஃபோன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். லேப்டாப் சீரில் போனால் பரீட்சையும் அதோடு போய்விடும். கெட்டுப்போன சாமானை யாரும் சீரில் வைக்க மாட்டார்கள். அதனால் ரிப்பேர்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தாய்மாமன் மேல் என்றால் அவரை நான் பார்த்ததில்லை. தலையாட்டிய அப்பாவின் மேல் என்றால், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் சபையில் வேறு என்னதான் செய்வார்? "உங்க அக்காகிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன். அவள் பதறிப்போய், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "வேணாம் மிஸ். என்னால அவ கல்யாணத்துல சண்ட வந்திச்சின்னா அவ இன்னா பண்ணுவா?"

கல்யாணப் பெண்

அந்த அக்காவே ஒரு நாள் காலையில் வந்து நின்றாள். பள்ளி மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போனபிறகு, தங்கையின் கண்ணில் படாமல் வந்திருந்தாள். தன் சீரைக் கேட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பார்ட், ஆர்டர், மழை, லாரி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சுகன்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை கேட்டாள். பிறகு, "தை முடியிற வரைக்கும் இப்பிடியே வச்சிருக்க முடியுமா மிஸ்?" என்றாள்.

தங்கை போடுகிற நாடகம் அவளுக்குப் புரிந்துவிட்டதாம். அவள் தனக்கென்று நர்ஸிங் கேட்டதில்லையாம், ஆனால் கேட்கிற தங்கைக்கு அது கிடைத்தே ஆக வேண்டுமாம். அம்மாவுக்கும் தெரியக் கூடாது, தங்கைக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே தங்கைக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்ததால் எனக்குத் தலை சுற்றியது. "மாப்பிள்ளைக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டேன். சுகன்யா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "அவரு நாள் பூரா ஃபோனப் பாத்துக்கினு கெடக்கறாரு. இதையும் குடுத்துட்டா என் மூஞ்சிய எப்ப மிஸ் பாப்பாரு?"

தாய்மாமன் பரிசோதனை

கல்யாணம் நெருங்கியது. ஒரு சாயங்காலம், அபிநயா கடைசி மேஜையில் வழக்கமான 'டெஸ்ட்'டில் இருக்கும்போது, பள்ளி கேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "லேப்டாப்பு டீச்சரம்மா இருக்காங்களா? மாப்ள வூட்லேந்து வந்துருக்காங்க! மாப்ளயோட மாமா வந்துருக்காரு!" வசந்தாவின் குரல். தெருவில் மீன் விற்கிற குரலை அன்றுதான் முதல்முறை முழுசாகக் கேட்டேன். கேட்டிலிருந்து மைதானத்தைத் தாண்டி எங்கள் அறைக்கு வர நேரமாகும். வருகிற வழியெல்லாம் அவர் நிறுத்தவே இல்லை.

லேப்டாப்பை நிறுத்திக் கவிழ்த்து, பின்மூடியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளேயிருந்த மெமரியை உருவி என் சுடிதார் பாக்கெட்டில் போட்டேன். விரல் நீளத் தகடுதான். அது இல்லாவிட்டால் லேப்டாப்புக்கு மூளை இல்லை. அபிநயா புத்தகப் பையோடு பழைய ஆசிட் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

தாய்மாமன் வெள்ளை வேட்டியில் கண்ணியமாக இருந்தார். செல்ஃபோன் கடையில் கொஞ்ச நாள் இருந்தவராம். தானே பார்க்கிறேன் என்றார். வசந்தா என்னை விட்டுவைக்கவில்லை. "இவங்க எல்லாம் படிச்சி இன்னா புண்ணியம்? ஒரு பொட்டியத் தொறந்து மூடத் தெரியல! நல்ல சாமானக் குடுத்தா நாசம் பண்ணி வச்சிருக்காங்க! எங்க மானம் போவுது!" என்று மாமா முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு திட்டு வாங்கியது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாய்மாமன் பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளிருந்து கீ கீ என்று விட்டு விட்டு ஒரு சத்தம். மெமரி இல்லை என்று அது போடுகிற கூப்பாடு அது. அவருக்கு அது தெரியாமல் இருக்க வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். அவர் சட்டென்று கையை எடுத்தார். "போர்டே போயிடுச்சிம்மா. அழுவுற சாமானக் கல்யாண வூட்ல வைக்கக் கூடாது, பேசாம ஒரு டேபிள் ஃபேன் வச்சிடுங்க."

சும்மாடு

அவர்கள் போனபிறகு அபிநயா அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தாள். என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு, பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் வசந்தா நிற்கிறார், முதல் நாள் போலவே சத்தமில்லாமல். என் மேஜையில் அவருடைய சும்மாடு கிடந்தது, தலையில் கூடைக்கு அடியில் வைக்கிற துணிச்சுருள். அதை எடுக்க வந்தேன் என்று மாமாவை கேட்டிலேயே நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொரு ரவுண்டு திட்டு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சும்மாட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மீன் வாசனையடிக்கிற கையால் என் முகத்தைத் துடைத்தார். "திட்டினதுக்கு மனசுல வச்சிக்காதம்மா. அவரு நம்பணுமில்ல?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். முதல் நாளே துணிக்கு அடியில் விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டாராம். சின்னவள் இங்கே உட்கார்ந்து படிப்பதும் தெரியுமாம். கணவர் சபையில் கொடுத்த வாக்கு. இனி மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது, இவராலும் சொல்ல முடியாது. "குடுக்க மாட்டோம்னு சொன்னா சண்ட. ரிப்பேருன்னு சொன்னா எல்லாரும் உச்சு கொட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். அப்போதுதான் அந்தக் கேட் குரல் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தபடி நான் நின்றதைப் பார்த்து, வாசல் வரை போனவர் திரும்பினார். "மீன் விக்காத எடத்துல நான் எதுக்கும்மா அம்மாந்தூரத்துலேந்து கத்தினு வரப் போறேன்? பசங்க ரெண்டு பேருகிட்டயும் எனக்குத் தெரியும்னு சொல்லிடாத."

பாக்கி இல்லை

தையில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். மண்டபத்தில் சீர் வரிசையில் பீரோவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு புது டேபிள் ஃபேன் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. மேடையில் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பந்தியில் தங்கை எனக்கு இன்னொரு வடை வைத்தாள். அம்மா எல்லோர் எதிரிலும், "இந்தப் பொண்ணுதான் எங்க லேப்டாப்பக் கெடுத்தது" என்று என்னை அறிமுகப்படுத்தினார். மூன்று பேரிடமும் செய்த சத்தியத்தை இலையில் வைத்துக்கொண்டு, யாரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மெமரியைச் சொருகி லேப்டாப்பை அபிநயாவின் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வைஸ் பிரின்சிபல் மேடம் வந்தார். கடைசி மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து, அப்பாடா என்றார். "அதுல இன்னாதான் கம்ப்ளெய்ன்ட் கடைசியில?" என்று கேட்டார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்ததால், "கல்யாணம், மேடம்" என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "அந்த பார்ட்டு லேப்டாப்புல எங்க இருக்குது?"

கெட்டதைச் சரிசெய்யச் சம்பளம் வாங்குகிற நான், இந்த வேலையில் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே காரியம், நன்றாக ஓடிய ஒரு லேப்டாப்பை மூன்று பேருக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல், கல்யாணம் முடியும் வரை சரிசெய்யாமல் வைத்திருந்ததுதான்.